மெராந்தித் தோட்டத்தின் புலனவழி வாசிப்பு வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது

அனுப்புநர்
துளசி த/பெ தேவன்,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர்,
எண் 17, நான்காம் பிரிவுக் குடியிருப்பு,
மெராந்தித் தோட்டம்,
கோலா சிலாங்கூர் மாவட்டம்.

பெறுநர்
வட்டார அதிகாரி அவர்கள்,
சமூக வாசிப்புத் திட்டம், வட சிலாங்கூர்ப் பிரிவு,
கோலா சிலாங்கூர்.

பொருள்: எங்கள் வாசிப்பு வகுப்பு 30.11.2025உடன் திட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதை நிறுத்திவைக்கக் கோருதல். வகுப்பு நடைபெறவில்லை என்ற பதிவுக்குக் காரணமான எங்கள் தவற்றைத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக முகப்பில் இரண்டு வகை மனுக்கள் ஏற்கப்படுகின்றன என்று தெரிந்துகொண்டேன். புதிதாக ஒன்றைக் கேட்பதற்கு விண்ணப்பம். எடுத்த முடிவை மாற்றக் கேட்பதற்குப் புகார். நான் கேட்பது இரண்டாவது வகை என்பதால் இது புகார் மனுவாக வருகிறது. தங்கள் மீதோ தங்கள் அலுவலர் மீதோ எனக்குப் புகார் எதுவும் இல்லை. தவறு எங்கள் பக்கம். அதைத் திருத்த இன்னும் இருபது நாள் இருக்கிறது. திருத்தாமல் போனால், டிசம்பர் 13ஆம் தேதி நடைபெறும் வாசிப்பு மதிப்பீட்டில் எங்கள் மாணவர் ரமணி அவர்கள் கலந்துகொள்ள முடியாது. அதனால் அவர் அடுத்த ஆண்டும் முதுகில் களைக்கொல்லித் தொட்டியைச் சுமக்க வேண்டியிருக்கும். நான் எழுதுவது முக்கியமாக அதற்காக.

1. ஆனாலும் நன்றியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கடந்த ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி தாங்கள் நான்காம் பிரிவு மண்டபத்துக்கு வந்தீர்கள். வகுப்பு தொடங்கி அப்போது ஐந்து மாதம். பதினாறு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்கிற பெரியவர்கள். தமிழிலேயே பேசி, தமிழிலேயே சண்டை போட்டு, தமிழிலேயே கடவுளைக் கும்பிடுகிறவர்கள். சிலர் தேசியப் பள்ளிக்குப் போனதாலும், சிலர் பள்ளியைப் பாதியில் விட்டதாலும், அவர்களுக்குத் தமிழை வாசிக்க மட்டும் தெரியாது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. ஆளுக்கு மூன்று தாள் வீதம், வாரத்துக்கு நாற்பத்தெட்டுத் தாள்களைப் பெஸ்தாரி ஜெயாவில் நகல் எடுத்து மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவருவேன்.

2. அந்தத் தாள்கள் பிறகு என்ன ஆகின்றன என்று தாங்கள் கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. பாதி மழையில் நனைந்துவிடும். மீதி வீட்டுக்குப் போகும், மறுவாரம் திரும்பி வராது. ஒருமுறை சாலை முனைக் கடையில் பீசாங் கோரெங், அதாவது பொரித்த வாழைப்பழம், வாங்கினேன். அதைச் சுற்றிக் கொடுத்த தாள் முந்தைய வாரப் பாடத்தின் இரண்டாம் பக்கம். எண்ணெய் ஊறியதில் எழுத்துகள் முன்பைவிட நன்றாகத் தெரிந்தன. அந்த வாரம் அந்தப் பாடத்தை முழுமையாக வாசித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

தாங்கள் எல்லாரையும் கைப்பேசியைப் பாயின் மேல் வைக்கச் சொன்னீர்கள். பதினாறு பேரிடமும் இருந்தது. நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தாங்களும் பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு கைப்பேசியிலும் தமிழ் எழுத்துகள் பெரிதாகவும் சரியாகவும் தெரியும்படி அமைத்துக் கொடுத்தீர்கள். வாட்ஸ்அப்பில், நாம் இங்கே புலனம் என்று எழுதுவதில், ஒரு குழுவைத் தொடங்கினீர்கள். திரை உடைந்த கைப்பேசிகள் நான்கு. விரல் பட்டால் வேறெங்கோ திறக்கும் கைப்பேசி ஒன்று. மூன்று மணி நேரம் ஆனது. தங்களுக்கு ஊற்றிய தேநீர் இருமுறை ஆறிப்போனது. இணையம் போட வசதியில்லாத ஒன்பது பேருக்குத் திட்டத்தின் வழியாக மாதாந்திர இணையச் சேவைக்கும் ஏற்பாடு செய்தீர்கள். ஓர் அதிகாரி எங்கள் மண்டபத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தாள் பிடிக்கும். வேலை முடிந்தால் புத்தகங்களோடு இருக்கிறவள் நான். ஒரு பக்கத்தை விரலால் புரட்டாமல் வாசிப்பது வாசிப்பாகாது என்று எண்ணியிருந்தேன். தங்களிடம் அதைச் சொல்லாமல் தலையாட்டினேன். நான் எண்ணியது தவறு என்பதை இந்தப் பதினைந்து மாதம் காட்டிவிட்டது.

3. வகுப்பு இப்போது நடக்கும் முறை இது. காலை ஆறு மணிக்கு நான் குழுவுக்கு ஒரு பக்கம் அனுப்புவேன். எட்டு அல்லது பத்து வரி. அன்றைக்குள் அவரவருக்கு நேரம் கிடைக்கும்போது அதைச் சத்தமாக வாசித்து, குரல் பதிவாகக் குழுவில் போட வேண்டும். எங்கே தடுக்கிறதோ அந்தச் சொல்லை நான் மெதுவாகச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். பாடங்களை நானே எழுதுகிறேன். ஆலைக் குளத்தில் முதலை தெரிந்தது, சுங்கை புரோங் வயலில் அறுவடை இயந்திரம் சேற்றில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நின்றது, புதிய மேலாளர் முதல் நாளே தவறான பாதையில் போய் மூன்றாம் பிரிவில் தொலைந்தது. முயலும் ஆமையும் வேண்டாம் என்று முதல் வாரமே கேட்டுக்கொண்டார்கள். அதில் நியாயம் இருந்தது.

இந்த மனுவில் மூன்று மாணவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காப்ரியல் அவர்கள் நாற்பத்தேழு வயது லோரி ஓட்டுநர். செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுவருகிறார். லோரிகளை எடை போடும் இடத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். குலை அதிகம் விழும் மாதங்களில் எடை போட நாற்பது நிமிடம்கூட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த வரிசையில்தான் அவர் வாசிக்கிறார். அவருடைய பதிவில் லோரி உறுமிக்கொண்டே இருக்கும். வரிசை நகர்ந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். சன்னாசி அவர்கள் எங்கள் குடியிருப்பின் ஜாகா, அதாவது காவலர். மண்டபச் சாவியும் அவரிடம்தான். காவல் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். ரமணி அவர்களுக்கு முப்பத்தொன்பது வயது. வேலையிலிருந்து வந்து, இருமுறை சோப்புப் போட்டுக் குளித்து, சோறு வேகிற நேரத்தில் வாசிப்பார்.

4. ரமணி அவர்கள் பதினேழு ஆண்டுகளாகக் களைக்கொல்லி மருந்து அடிக்கிற வேலையில் இருக்கிறார். கைத்தோல் உரிகிறது, இருமல் நிற்பதில்லை. இனி இந்த வேலை கூடாது என்று மருத்துவர் கடந்த ஜூன் மாதம் எழுதிக் கொடுத்தார். தோட்ட நிர்வாகம் நல்ல மனத்தோடு அதை ஏற்றது. ஜனவரியிலிருந்து தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில் அவருக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குத் தினமும் கதை வாசிக்க வேண்டும். ஆகவே தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்பது நிர்வாகத்தின் ஒரே நிபந்தனை. எங்கள் வட்டாரத்தில் அந்தச் சான்றைத் தருவது தங்கள் திட்டத்தின் ஆண்டிறுதி வாசிப்பு மதிப்பீடு. பட்டியலில் உள்ள வகுப்பின் மாணவர்கள் மட்டுமே அதில் உட்காரலாம். ரமணி அவர்கள் ஜூலையிலேயே பெயர் கொடுத்துவிட்டார்.

5. தாள் இல்லாததில் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை இருந்தது. நாற்பத்தேழு வயது ஆள் கையில் பாடத் தாளோடு நடந்தால் குடியிருப்பே பார்க்கும். அவரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்றவர்களும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாளும் மையும் மிச்சமாகும் என்று தாங்கள் அன்று விளக்கினீர்கள். மானமும் மிச்சமாகும் என்பது நம் இருவருக்குமே தோன்றவில்லை. மண்டபத்துக்கு வரக் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்த மூவர் தாமாகவே குழுவில் சேர்ந்தார்கள். இப்போது பத்தொன்பது பேர்.

மழை வந்தாலும் இந்த முறையில் வகுப்பு நிற்காது என்று தாங்கள் அன்று கணித்ததும் சரியாகவே இருந்தது. கடந்த ஆண்டு இறுதியில் பெய்த மழையில் எங்கள் பாதை ஐந்து நாள் தண்ணீரில் கிடந்தது. பழைய முறையாக இருந்தால் அந்த மாதம் வகுப்பே இருந்திருக்காது. அந்த ஐந்து நாளும் பக்கம் போனது, வாசிப்பு வந்தது. மண்டபத்தில் நகல் தாள்கள் வைத்திருந்த பழைய பெட்டியில் இப்போது யாரோ வெங்காயம் வைத்திருக்கிறார்கள்.

6. இனி, எங்களிடம் ஆவணம் ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன். இந்த ஆண்டு ஜனவரியில் காப்ரியல் அவர்களின் பதிவு ஒன்றை யாரோ லோரி ஓட்டுநர்களின் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே சொல்லை மூன்று முறை திரும்பத் திரும்ப அவர் வாசித்த பதிவு. மறுநாள் எடை வரிசையில், பின்னால் நின்ற லோரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, “என்ன காப்ரியலு, வாசிக்கிறியா, கோஸ்தான் எடுக்கிறியா லா?” என்று கேட்டார். லோரியைப் பின்னால் எடுப்பதை இங்கே கோஸ்தான் என்பார்கள். வரிசை முழுவதும் சிரித்தது. என் சாளரத்துக்கு வந்தபோது காப்ரியல் அவர்கள் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். அன்றே குழுவிலிருந்தும் விலகினார்.

பதினொரு நாள் கழித்து அதே சாளரத்தில் நின்று, “தங்கச்சி, படிக்கிறது எனக்கு. ஊருக்கு இல்ல. கேட்டதும் அழிஞ்சிடணும். அப்படின்னா வர்றேன்” என்றார். புலனத்தில் அதற்கு ஓர் அமைப்பு உண்டு. குழுவில் வரும் எல்லாமே ஏழாம் நாள் தாமாக மறைந்துவிடும். மற்றவர்களைக் கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. கைப்பேசியில் இடம் நிறைந்துபோகிறது என்ற தொல்லையும் அதோடு தீர்ந்தது. எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அந்தக் குழுவில் என் குரலும் இருக்கிறது. அன்று முதல் எங்கள் வகுப்புக்குப் பழைய வாரம் என்று ஒன்று இல்லை.

7. கடந்த அக்டோபர் 8ஆம் தேதி, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, தங்கள் அலுவலர் வகுப்பைப் பார்வையிட வந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார் என்று அறிகிறேன். அந்தச் சிரமத்துக்கு எங்கள் நன்றியை அவரிடம் சேர்க்க வேண்டுகிறேன். அன்று என்ன நடந்தது என்பது எனக்கு ஒரு மாதம் கழித்தே தெரிந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கையில் கோப்போடு, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, யாராவது வந்து ஒருவரைப் பற்றி விசாரித்தால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கடன் பாக்கிக்காக மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு போக, வீட்டைக் காலி செய்யச் சொல்ல, நீதிமன்றத் தாளைக் கையில் கொடுக்க வருகிறவர்கள் கோப்போடு வருவார்கள். விசாரிக்கப்படுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதில்லை. தெரியாது என்பதுதான் பதில். தாங்கள் வந்த நாளில் தங்கள் கையில் கோப்பு இல்லை. அதனால் தங்களுக்கு இந்தப் பழக்கம் தெரிய வாய்ப்பில்லை.

அலுவலர் மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறார். முதலில் காவல் கொட்டகையில் சன்னாசி அவர்களிடம், இங்கே வாசிப்பு வகுப்பு நடக்கிறதா என்று கேட்டார். “அப்படி ஒன்னும் இல்லீங்க ஐயா, மண்டபம் பூட்டித்தான் கெடக்கு” என்று பதில் வந்தது. அன்றைய பக்கத்தை வாசித்து அனுப்பிவிட்டு அவர் கதவைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்ததாக, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், பெயர்ப் பட்டியலைப் பார்த்து, ரமணி என்பவரின் வீடு எது என்று கேட்டார். “ரமணியா? அவங்க மாறிப் போயி ரொம்ப நாளாச்சே” என்றார் அந்தப் பெண்மணி. அவர்தான் ரமணி. மூன்றாவதாக, லோரியைக் கழுவிக்கொண்டிருந்த காப்ரியல் அவர்களிடம் கேட்டிருக்கிறார். தமக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது என்றும், தெரிந்தவர் யாரும் இந்தப் பக்கம் இல்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

அலுவலர் என்னையும் கைப்பேசியில் இருமுறை அழைத்திருக்கிறார். தெரியாத எண் என்பதால் நான் எடுக்கவில்லை. திருப்பி அழைக்கவும் இல்லை. அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே தங்கள் அறிவிப்பில் உள்ள அவருடைய குறிப்புகள் எல்லாமே அவர் கண்டதற்கும் கேட்டதற்கும் பொருந்தியவை. மண்டபம் பயன்பாட்டில் இல்லை. பதிவு செய்த மாணவர் இடம் மாறிவிட்டார். வகுப்பைப் பற்றி அங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை. ஒருங்கிணைப்பாளரைத் தொடர்புகொள்ள இயலவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

8. எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த தவறு என்னுடையது. இந்த ஆண்டுப் பதிவுப் படிவத்தில் வகுப்பு நடக்கும் இடம், கிழமை, நேரம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. லோரி வரிசை, காவல் கொட்டகை, சோறு வேகிற நேரம் என்று அதில் எழுத எனக்குத் துணிவில்லை. பழையபடி ‘மண்டபம், புதன், மாலை 5’ என்று நிரப்பி அனுப்பினேன். கட்டம் காலியாக இல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதை நம்பி ஒருவர் சேற்றில் நடந்து வந்து பூட்டிய கதவின் முன் நிற்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அதற்காகத் தங்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

9. இம்மாதம் 3ஆம் தேதி, திங்கட்கிழமை, தங்கள் அறிவிப்பு மண்டபக் கதவில் ஒட்டப்பட்டது. நான் ஆலையில் இருந்தேன். மதியம் ஒன்றரை மணிக்குக் குழுவில் ரமணி அவர்களின் குரல் பதிவு ஒன்று வந்தது. அன்றைய பாடம் என்று நினைத்துத் திறந்தேன். “அறிவிப்பு. மெராந்தித் தோட்டம், நான்காம் பிரிவு” என்று தொடங்கியது. வேலைக்குப் போட்ட காலணியோடு கதவின் முன் நின்று, அந்த அறிவிப்பு முழுவதையும், தேதியும் கோப்பு எண்ணும் விடாமல் வாசித்திருந்தார். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. ‘மேற்கண்ட வகுப்பு செயல்படாத காரணத்தால்’ என்ற இடத்தில் ஒருமுறை நின்றார். எழுத்து தடுக்கி நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியை மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தார். இறுதிவரை போய், தங்கள் பதவியின் பெயரையும் வாசித்து முடித்தார். அதன் பின், “துளசி, அந்த ஐயாகிட்ட நான் இல்லேன்னு சொன்னது நாந்தான்” என்றார்.

வகுப்பில் சேர்ந்தபோது ரமணி அவர்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல செய்திகள் பலவும் எழுத்தில் வந்தவை. ஒரு கெட்ட செய்தியைக் கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் மகிழ்ந்தது அன்றுதான். ஐயா, அந்த அறிவிப்பு எளிய தமிழில், சிறு வாக்கியங்களில் எழுதப்பட்டிருந்தது. அதற்கும் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடினமாக எழுதியிருந்தால் அவரால் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

10. அன்று மாலைக்குள் குழுவில் எல்லாரும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். முதலில் இல்லை என்றது சன்னாசி அண்ணன்தான் என்று ரமணி அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார். அதற்குச் சன்னாசி அவர்கள், “கொடிக்கிட்ட நின்னுக்கிட்டே ஊரவிட்டுப் போயிட்டேன்னு சொன்னவ நீ. என்னைக் கேக்க வந்துட்டியா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மறைந்துபோகும் அமைப்பை நிறுத்திவிட்டு, எல்லாருடைய வாசிப்பையும் சேமித்துத் தங்களுக்கு ஆதாரமாக அனுப்பலாமா என்று நான் கேட்டேன். வழக்கமாகப் பேச்சு நிற்காத குழுவில் இரண்டு மணி நேரம் ஒரு செய்தியும் வரவில்லை. யாரும் நேராக மறுக்கவில்லை. தடுக்கித் தடுக்கி வாசிக்கும் தம் குரல் ஏதோ ஒரு கோப்பில் தங்கிவிடுவதை அவர்கள் விரும்பவில்லை என்பது எனக்குப் புரிந்தது. கடைசியில் காப்ரியல் அவர்கள் மட்டும் பேசினார். “ரமணிக்கு உதவும்னா என்னோடத வச்சுக்குங்க தங்கச்சி. ஆபீஸ்ல எத்தன பேரு சிரிச்சாலும் பரவால்ல” என்றார்.

அவர் அப்படிச் சொன்னது போதும். அவருடைய குரலை நான் சேமிக்கவில்லை. ஜனவரியில் கொடுத்த வாக்கை நவம்பரில் அவராகவே விட்டுக்கொடுத்தாலும், எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த மனுவோடு ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை. பத்தொன்பது பேரும் கூடிப் பேசி எடுத்த முடிவு வேறு: கோப்பில் வைப்பதற்குக் குரலைத் தர வேண்டாம், கேட்க வருகிறவர் யாராக இருந்தாலும் வரவேற்போம்.

11. எனவே நாங்கள் தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) வரும் திங்கட்கிழமை, 17ஆம் தேதி முதல் ஏழு நாளுக்குத் தாங்களோ, அன்று வந்த அலுவலரோ, எங்கள் புலனக் குழுவில் இருந்து கேட்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேருகிறவர் முதல் நாள் ஒரு பக்கம் வாசித்து அனுப்ப வேண்டும் என்பது மாணவர்கள் வைத்திருக்கும் விதி. அதிகாரிகளுக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தடுக்கினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆ) அதுவரை வகுப்பைப் பட்டியலிலிருந்து நீக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். கேட்ட பிறகும் வகுப்பு நடக்கவில்லை என்று தாங்கள் கருதினால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இ) வகுப்பைப் பற்றிய முடிவு எப்படியிருந்தாலும், ரமணி அவர்களின் பெயரை டிசம்பர் 13 மதிப்பீட்டுப் பட்டியலில் விட்டுவைக்க வேண்டும். அவர் இடம் மாறவில்லை. அடையாள அட்டையோடு தங்கள் முன் வந்து நான்தான் ரமணி என்று சொல்லவும், அன்று வந்த அலுவலரை நேரில் பார்த்து வருத்தம் தெரிவிக்கவும் அவர் ஆயத்தமாக இருக்கிறார். பொய் சொன்னதற்கு ஏதேனும் தண்டனை உண்டென்றால் அது ஒருங்கிணைப்பாளரான என்னைச் சேரட்டும்.

ஈ) அடுத்த ஆண்டுப் படிவத்தில், இடமும் நேரமும் எழுத முடியாத வகுப்புகளுக்காக ஒரு வரி ஒதுக்க வேண்டும். சுங்கை பஞ்சாங்கிலும் சுங்கை சோவிலும் தங்கள் யோசனைப்படியே இப்படி வகுப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் போலவே எழுதியிருப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

12. எங்களுக்கு ஒரு வழியைக் காட்டியவர் தாங்கள். அந்த வழியில் நாங்கள் வெகுதூரம் வந்துவிட்டதால்தான் தங்கள் அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனோம் என்று நினைத்துக்கொள்கிறேன். மண்டபத்தில் தாங்கள் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரத்துக்கு இந்தப் பத்தொன்பது பேரின் சார்பாக நன்றி.

தங்கள் முடிவு எதுவானாலும் அதை எனக்குக் கடிதமாக அனுப்ப வேண்டாம். குழுவுக்கே, தமிழில், ஒரு செய்தியாக அனுப்புங்கள். நான் அதை யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன். அவர்கள் வாசித்து எனக்குச் சொல்வார்கள்.

தங்கள் உதவியை மறவாத,

(ஒப்பம்)
துளசி த/பெ தேவன்

இடம்: மெராந்தித் தோட்டம், கோலா சிலாங்கூர்
நாள்: 10.11.2025